கிராபீன் பேட்டரி என்றால் வாங்கிவிடலாமா?

திண்டிவனத்தில் இருக்கும் என் சித்தப்பா, விழுப்புரத்தில் ஒரு கடையில் நின்றபடி போன் செய்தார். அவருடைய லேப்டாப்பில் சார்ஜ் அரை மணி நேரம்கூட நிற்பதில்லை. "கிராபீன் பேட்டரியாம். ரெண்டு மடங்கு நிற்குமாம், விலையும் ரெண்டு மடங்கு. வாங்கலாமாப்பா?"

உங்களுக்கும் இந்தக் கேள்வி வரலாம். எனவே பேட்டரிக்குள் கொஞ்சம் எட்டிப் பார்ப்போம்.

சார்ஜ் செய்யும்போது லித்தியம் அயனிகள் ஆனோடு என்ற மின்முனைக்குள் போய்த் தங்குகின்றன. பெரும்பாலான லேப்டாப்களில் இந்த ஆனோடு கிராஃபைட்டால் ஆனது. பென்சிலில் இருக்கும் அதே சரக்குதான்! ஒரு கிராம் கிராஃபைட் 372 மில்லி ஆம்பியர் மணி வரை தாங்கும். சிலிக்கானோ சுமார் 3,600. அப்படியானால் சிலிக்கானுக்கு மாறிவிட வேண்டியதுதானே?

அங்கேதான் சிக்கல். ஊறவைத்த கொண்டைக்கடலை உப்புவதைப் பார்த்திருப்பீர்கள். லித்தியம் உள்ளே போனால் கிராஃபைட் பத்து சதவீதம்தான் உப்பும். சிலிக்கான் மூன்று, நான்கு மடங்காகிவிடும். சார்ஜ் இறங்கினால் சுருங்கும். இப்படி உப்பிச் சுருங்கியே நொறுங்கிப் போகும். நொறுங்கிய துகளுக்கு மின் இணைப்பு அறுந்துவிடும்.

கிராபீன் என்பது ஒரே ஒரு அணு கனமுள்ள கார்பன் ஏடு. 2011-ல் அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் ஹெரால்டு குங் குழுவினர் சிலிக்கான் துகள்களை இந்த ஏடுகளுக்கு நடுவே வைத்தார்கள். துகள் நொறுங்கினாலும் ஏடு அதைப் பிடித்துக்கொள்ளும், மின்சாரத்தையும் கடத்தும். 2015-ல் சாம்சங் ஆராய்ச்சியாளர்கள் சிலிக்கான் துகளின் மேலேயே கிராபீனை வளர்த்தார்கள். ஏடுகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி, உப்புவதற்கு இடம் கொடுத்தன. அதே கன அளவில் சாதாரண பேட்டரியைப்போல் 1.8 மடங்கு சக்தி கிடைத்தது. 200 முறை சார்ஜ் செய்தபின் அது 1.5 மடங்காகக் குறைந்தது. 200 முறை என்றால், தினம் ஒரு தடவை சார்ஜ் செய்பவருக்கு ஏழு மாதம்கூட இல்லை!

2023 முதல் சில போன்களில் சிலிக்கான் கார்பன் ஆனோடு வந்துவிட்டது உண்மைதான். அதில் கலந்திருக்கும் சிலிக்கான் கொஞ்சம்தான். ஆனோடு பத்து மடங்கு தாங்கினாலும் மொத்த பேட்டரி பத்து மடங்காகாது. எதிர்முனையும் அதற்கு ஈடுகொடுக்க வேண்டுமே.

சித்தப்பாவிடம் இவ்வளவும் சொல்லவில்லை. இரண்டு பேட்டரிகளின் ஸ்டிக்கரிலும் வாட் மணி என்று என்ன எண் போட்டிருக்கிறது என்று மட்டும் கேட்டேன். இரண்டு மடங்கு நிற்க வேண்டுமானால் அந்த எண்ணும் இரண்டு மடங்காக இருக்க வேண்டும்.

"ரெண்டிலும் 41தான்பா" என்றார். சாதாரண பேட்டரியையே வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டார்.