தாம்பத்திய உறவில் வலியா? ‘போகப் போகச் சரியாகிடும்’ என்று காத்திருக்க வேண்டாம்!

முழங்கால் வலி என்றால் பக்கத்து வீட்டில்கூடச் சொல்லிவிடலாம். இடுப்பு வலி என்றால் மாமியாரே தைலம் எடுத்துக் கொடுப்பார். தாம்பத்திய உறவின்போது வரும் வலியை யாரிடம் சொல்வது? கல்யாணமாகி மாதங்கள், சிலருக்கு வருடங்களே இந்தத் தயக்கத்தில் கழிந்துவிடுகின்றன. ‘முதல்ல அப்படித்தான் இருக்கும், போகப் போகச் சரியாகிடும்’ என்பதுதான் அக்காவும் தோழியும் சொல்லும் ஆறுதல். பலருக்குச் சரியாகிவிடும் என்பது உண்மைதான். ஆகாதவர்களும் இருக்கிறார்கள்.

நம் சினிமாவில் பால் சொம்போடு மணப்பெண் உள்ளே போவார், விளக்கு அணையும், அடுத்த காட்சியில் தலைக்குக் குளித்துச் சிரித்தபடி காபி போடுவார். நடுவில் அவருக்கு வலித்ததா என்று கேட்க அங்கே ஆளில்லை.

பெண்ணுறுப்பைச் சுற்றியுள்ள தசைகள், அந்தப் பெண் நினைக்காமலேயே தாமாக இறுகிக்கொள்வதை ‘வஜைனிஸ்மஸ்’ என்கிறார்கள். 1860-களிலேயே மருத்துவ உலகம் பெயர் வைத்துவிட்ட பிரச்னை இது. கண்ணுக்கு அருகே விரலைக் கொண்டுபோனால் இமை மூடிக்கொள்கிறதே, அதுபோலத்தான். ‘பயப்படாதே, தளர்வா இரு’ என்று கணவர் எத்தனை முறை சொன்னாலும் இமை கேட்குமா? கணவரைப் பிடிக்கவில்லை, வேறு யாரோ மனதில் இருக்கிறார்கள் என்றெல்லாம் குடும்பத்தில் கிளம்பும் பேச்சுக்கும் இதற்கும் தொடர்பில்லை. குழந்தையில்லை என்று சிகிச்சைக்குப் போன இடத்தில்தான், உறவே முழுமையாக நடக்கவில்லை என்பதைச் சில தம்பதிகள் முதன்முறையாக வாய் திறந்து சொல்கிறார்கள்.

முன்பக்க இடுப்பெலும்பிலிருந்து பின்பக்க வால் எலும்புவரை, தூளி கட்டியதுபோல ஒரு தசைக்கூட்டம் இருக்கிறது. சிறுநீர்ப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் மூன்றையும் தாங்குவது இதுதான். சிறுநீர் கழிக்கும்போது தளர வேண்டும், அடக்கும்போது இறுக வேண்டும். சுத்தமான கழிப்பறை இல்லாத பள்ளிக்கூடத்தில் மாலைவரை அடக்கிய பெண், பிறகு தையல் மெஷினிலோ பஸ் பயணத்திலோ அதையே தொடர்ந்தால், இந்தத் தசைக்கு இறுகி மட்டுமே பழக்கம். ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் ஷூ கம்பெனிகளுக்கு வேன் ஏறும் பெண்களுக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. வலிக்கு இது மட்டுமே காரணமல்ல. ஆனால், இறுக்கத்தைக் கூட்டக்கூடிய பழக்கம்.

தசை என்றால் பிசியோதெரபி உண்டுதானே? உண்டு. முதல் நாள் பெரும்பாலும் பேச்சுதான். வலி நுழையும் இடத்திலா, ஆழத்திலா, எப்போதிலிருந்து, மாதவிலக்கின்போதும் வலிக்கிறதா, மலச்சிக்கல் உண்டா என்று கேட்பார்கள். அடுத்தது மூச்சு. மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, வயிற்றில் கைவைத்து மெதுவாக மூச்சை இழுத்தால் வயிறு உயரும், அதோடு அந்தத் தூளியும் கொஞ்சம் கீழிறங்கித் தளரும். இடுப்பையும் தொடைகளையும் தளர்த்தும் பயிற்சிகளும் சேரும். உள்பரிசோதனை தேவைப்பட்டால் பெண்ணின் சம்மதத்தோடு மட்டுமே செய்வார்கள். ‘வேண்டாம், நிறுத்துங்க’ என்றால் நிறுத்திவிட வேண்டும்.

பிறகு ‘டைலேட்டர்’. சுண்டுவிரல் கனத்தில் தொடங்கி, படிப்படியாகப் பெரிதாகும் வழவழப்பான குழல்கள். பெயரைக் கேட்டதும் பலர் மிரள்கிறார்கள். பாதையை அகலமாக்குவது இதன் வேலையல்ல, ‘உள்ளே ஏதாவது வந்தால் ஆபத்தில்லை’ என்று உடம்புக்குப் புரியவைப்பதுதான். பெண் தன் கையாலேயே, தன் வேகத்தில் வைத்துப் பழகுவார். சிலருக்குச் சில வாரங்கள், சிலருக்குப் பல மாதங்கள் ஆகும். அதுவரை வலியோடு உறவு வேண்டாம் என்று இடைவெளி விடச் சொல்வார்கள். கணவரின் பங்கு பெரிதாகத் தேவைப்படுவது இங்கேதான். வழவழப்புக்கு நீர் சார்ந்த ஜெல் நல்லது. தேங்காய் எண்ணெய் ஆணுறையைப் பலவீனமாக்கிவிடும்.

யூடியூப் பார்த்துத் தாமாகச் செய்பவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. பிரசவத்துக்குப் பிறகு சிறுநீர்க் கசிவுக்குச் சொல்லித்தரும் ‘கெகல்’ பயிற்சி தசையை இறுக்குவது. ஏற்கெனவே இறுகிக் கிடப்பவர் அதைச் செய்தால் வலி கூடலாம். இவருக்கு வேண்டியது நேரெதிர்.

எல்லா வலியும் தசையால் வருவதில்லை என்பதால் முதலில் மகளிர் மருத்துவரைப் பார்ப்பதே முறை. நோய்த்தொற்று, எண்டோமெட்ரியோசிஸ், பிரசவத் தையலின் தழும்பு, தாய்ப்பால் கொடுக்கும் காலத்து வறட்சி என்று காரணங்கள் பல. 50 வயதை ஒட்டி, மாதவிலக்கு நின்றபின் வரும் வறட்சிக்கு மருத்துவர் தரும் ஈஸ்ட்ரோஜன் கிரீமே பலருக்குப் போதும். ‘இந்த வயசுல இது தேவையா’ என்ற கேலிக்குப் பயந்து அதையும் கேட்காமலிருப்பது அநியாயம். உறவுக்குப் பின் ரத்தம் வந்தால் மட்டும் தள்ளிப்போடவே கூடாது. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் இல்லை என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

ஆண் மருத்துவரிடம் எப்படிச் சொல்வது என்ற கூச்சம் இந்தப் பகுதிக்குப் புதிதல்ல. 1890-களில் திண்டிவனத்தில், ஒரே இரவில் மூன்று வீட்டு ஆண்கள், பிரசவத்தில் தவித்த மனைவிக்கு ஆண் மருத்துவர் வேண்டாம் என்று மறுக்க, மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். அதைப் பார்த்த ஐடா ஸ்கடர் என்ற இளம்பெண் மருத்துவம் படித்து வந்து, 1900-ல் வேலூரில் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கியதுதான் இன்றைய சி.எம்.சி. 1918-ல் அங்கே பெண்களுக்கென்றே மருத்துவப் பள்ளியும் வந்தது. இன்று பெண் மருத்துவரைத் தேடி அலைய வேண்டியதில்லை. ஜோலார்பேட்டையில் ரயில் ஏறினால் ஆம்பூர் தாண்டிக் காட்பாடி, அங்கிருந்து வேலூர் பக்கம்தான். உள்ளூர் அரசு மருத்துவமனையின் மகளிர் பிரிவிலேயேகூடத் தொடங்கலாம். எந்த பிசியோதெரபி மையமானாலும், ‘இடுப்புத்தளத் தசைக்குப் பயிற்சி பெற்ற பெண் தெரபிஸ்ட் இருக்கிறாரா?’ என்று போனிலேயே கேட்டுவிட்டுப் போவது அலைச்சலைக் குறைக்கும். முதுகுவலிக்கும் பக்கவாதத்துக்கும் சிகிச்சை தரும் எல்லோருக்கும் இது தெரிந்திருக்காது.

ஓ.பி-யில் பின்னால் பத்துப் பேர் நிற்கும்போது வாய் வரவில்லையா? ‘உறவின்போது வலிக்கிறது, தனியாகப் பேச வேண்டும்’ என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, ஓ.பி சீட்டோடு சேர்த்து மருத்துவரிடம் நீட்டிவிடலாம்.