ஓடும் காருக்கு மூச்சு முட்டியது ஏன்?

சென்ற கோடை விடுமுறையில், திருநின்றவூரில் எங்கள் தோழி ஒருத்தியின் மாமா வீட்டுக்குச் சென்றிருந்தோம். கொட்டகையில் ஒரு பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் நின்றது. 1961ஆம் ஆண்டு முதல் சென்னையை அடுத்த வண்டலூரில் செய்யப்பட்ட வண்டி இது. இதன் அடிச்சட்டத்தைச் சுருக்கித்தான் 1962இல் இங்கிலாந்தில் 'ஸ்பிட்ஃபயர்' என்ற ஸ்போர்ட்ஸ் காரைச் செய்தார்கள். சோழவரத்துப் பழைய விமான ஓடுதளத்தில் நடந்த பந்தயங்களிலும் ஹெரால்டுகள் ஓடியிருக்கின்றன. அந்த ஆசையில் மாமா தம் காருக்கு இரட்டைக் கார்புரேட்டர் பொருத்தி, புதுச் சிவப்பு வண்ணமும் அடித்திருந்தார்.

ஆனால் திருவள்ளூர் சாலையில் வேகம் பிடித்து நாலைந்து கிலோமீட்டர் போனதும் கார் திணறும். மெதுவாகப் போனால் ஓடும், மிதித்தால் இழுக்காது. பிளக், காயில் எல்லாம் மாற்றியாயிற்று. எஞ்சினை இறக்கிப் பிரிக்க வேண்டும் என்றார் மெக்கானிக். செலவைக் கேட்ட அத்தை, "பழைய இரும்புக்குப் போட்டுவிடுங்கள்" என்று சொல்லிவிட்டார்.

நாங்கள் பாடத்தில் படித்ததைக் கொண்டு கணக்குப் போட்டுப் பார்த்தோம். நான்கு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 6000 முறை சுற்றினால், வினாடிக்கு 200 தீப்பொறி வேண்டும். ஒவ்வொரு வால்வும் வினாடிக்கு 50 முறை திறந்து மூட வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டரில் உள்ள சி.பி. பாயிண்டின் ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் அது துள்ளும், பொறி தவறும். வால்வு ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் வால்வு நேரத்தில் மூடாது. இவ்விரண்டும் ஒரு குறிப்பிட்ட சுற்றுவேகத்தை எட்டியவுடனே தெரிந்துவிடும், கார் நின்றுகொண்டிருந்தாலும்கூட. மாமா நியூட்ரலில் வைத்து எஞ்சினை முடுக்கினார். தடங்கலே இல்லை! (பலவீனமான காயில் பாரம் ஏறும்போது மட்டும் தடுமாறுவதுண்டு. அதைத்தான் முன்பே மாற்றிவிட்டாரே.)

ஆகவே சந்தேகம் பெட்ரோலின்மேல் விழுந்தது. நின்ற இடத்தில் முடுக்கினால் எஞ்சின் கொஞ்சம்தான் குடிக்கும். பாரத்தோடு வேகமாக ஓடும்போது பல மடங்கு குடிக்கும். குழாயில் தண்ணீர் நூலாக வரும்போது ஒரு டம்ளர் பிடிக்கலாம். குடம் குடமாக இறைக்க முடியுமா? கார்புரேட்டரின் சிறு கிண்ணம் காலியாகும் வேகத்துக்குப் பம்பு நிரப்பவில்லை.

பம்பைக் கழற்றிப் பார்த்தார்கள், நன்றாக இருந்தது. குழாயிலும் அடைப்பில்லை. அப்போதுதான் மாமா, "பத்து நிமிஷம் நிறுத்தி வைத்தால் தானே சரியாகிவிடும்மா" என்றார். இதை அவர் முதலிலேயே சொல்லியிருந்தால் ஒரு நாள் மிச்சமாகியிருக்கும்!

அடுப்பங்கரையில் எண்ணெய் டின்னை உடைக்கும்போது அம்மா ஏன் இரண்டு துளை போடுகிறார்? ஒன்றில் எண்ணெய் வெளியே வர, மற்றதில் காற்று உள்ளே போக. பெட்ரோல் தொட்டியும் அப்படித்தான். உள்ளே காற்று புகாவிட்டால் வெற்றிடம் உண்டாகிப் பம்பின் இழுப்பை எதிர்க்கும். நிறுத்தி வைத்தால் காற்று எப்படியோ கசிந்து புகும். மறுபடி கொஞ்ச தூரம் ஓடும்.

அடுத்த முறை திணறியதும் மாமா ஓரங்கட்டி, எஞ்சினை நிறுத்திவிட்டு, தொட்டி மூடியைத் திருகினார். 'உஸ்' என்று காற்றை உறிஞ்சும் ஒலி கேட்டதாம். (பெட்ரோல் ஆவி எளிதில் தீப்பற்றும். இது பெரியவர்கள் செய்ய வேண்டிய சோதனை. நாங்கள் வீட்டில்தான் காத்திருந்தோம்.) மூடியைக் கழுவிப் பார்த்தோம். காற்றுக்காக விட்டிருந்த ஊசித்துளையைப் புதுச் சிவப்பு வண்ணம் அடைத்துக்கொண்டிருந்தது.

அத்தையின் தையல் ஊசியாலேயே அதைக் குத்தி எடுத்தார் மாமா. மறுநாள் திருவள்ளூர் வரை போய்த் திரும்பினார். கார் ஓரிடத்திலும் திணறவில்லை. புதிதாக வாங்கிய காயிலுக்கான ரசீதை மட்டும் அத்தை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறார்.