டர்போ பைக்கில் எந்த முள்ளைப் பார்ப்பது?

1978-இல் அமெரிக்காவில் கவாசாகி இசட்1ஆர்-டிசி விற்பனைக்கு வந்தபோது, வாங்கியவர்கள் ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. இன்ஜினுக்கு உத்தரவாதம் கிடையாது என்பதை ஒப்புக்கொள்ளும் கையெழுத்து அது. 1015 சிசி இன்ஜினில், தொழிற்சாலைக்கு வெளியே, ரேஜே டர்போ ஒன்றைப் பொருத்தி விற்ற வண்டி. அடுத்த சில ஆண்டுகளில் ஜப்பானிய நிறுவனங்கள் நான்கும் தாங்களே டர்போ பைக் செய்து உத்தரவாதத்தோடு விற்றன. 1982-இல் ஹோண்டாவும் யமஹாவும், 1983-இல் சுசுகி, 1984-இல் கவாசாகி ஜிபிஇசட்750 டர்போ. 738 சிசியில் 112 குதிரைத்திறன் தந்த அந்தக் கடைசி வண்டியில், டர்போ அழுத்தத்தைக் காட்ட ஒரு எல்சிடி பட்டையும் இருந்தது. சில ஆண்டுகளிலேயே இந்த அலை ஓய்ந்தது. ஆனால் அந்த வண்டிகளை இன்றும் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். ஹயபுசா போன்ற பெரிய பைக்குகளில் சொந்தமாக டர்போ மாட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். இவர்கள் எல்லாரும் கம்பெனி கொடுத்த மீட்டர்களோடு நிற்பதில்லை. ஹேண்டில்பாரில் இரண்டு மூன்று கேஜ்கள் கூடுதலாக ஏறிவிடுகின்றன. அது அழகுக்காக இல்லை.

டர்போவில், புகைக்குழாய் வழியாக வீணாகப் போகும் வாயு ஒரு சிறு சக்கரத்தைச் சுற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் உள்ள இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை அமுக்கி இன்ஜினுக்குள் தள்ளுகிறது. வேகம் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கும் மேல் போகும். காற்றை அமுக்கினால் அது சூடாகும். 30 டிகிரி காற்றை வளிமண்டலத்துக்கு மேல் 0.7 பார் அழுத்தத்துக்கு ஏற்றினால், சாதாரணத் திறனுள்ள கம்ப்ரஸரிலிருந்து அது ஏறக்குறைய 100 டிகிரியில் வெளிவரும். எண்பதுகளின் அந்தத் தொழிற்சாலை வண்டிகளில் இதைக் குளிர்விக்க இன்டர்கூலர் கிடையாது. அந்தச் சூட்டோடேயே காற்று சிலிண்டருக்குள் போகும்.

ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது. ஸ்பார்க் பிளக் மூட்டிய தீ சீராகப் பரவி முடிக்கும் முன்பே, ஓரத்தில் மிச்சமிருக்கும் கலவை சூட்டாலும் அழுத்தத்தாலும் தானாக வெடித்துவிடலாம். இதைத்தான் நாக்கிங் என்கிறோம். பிஸ்டனின் அலுமினியத்தைவிட எரியும் வாயு பல மடங்கு சூடு. அப்படியிருந்தும் பிஸ்டன் உருகாமல் நிற்பதற்குக் காரணம் உண்டு. அதன் மேல் ஒட்டி நிற்கும் மெல்லிய வாயுப் படலம் சூட்டைத் தடுக்கிறது. வந்து சேரும் சூட்டை ரிங்குகள் சிலிண்டர் சுவருக்குக் கடத்திவிடுகின்றன. நாக்கிங்கின் அதிர்வலை அந்தப் படலத்தைக் கிழித்துவிடும். நான்கு சிலிண்டர் இன்ஜின் 8000 ஆர்பிஎம்மில் ஓடும்போது நொடிக்கு 260 தடவைக்கு மேல் கலவை எரிகிறது. ஹெல்மெட்டுக்குள் காற்றிரைச்சலில் இருப்பவர் காதில் அந்தத் தட்டல் விழுவதற்குள் பிஸ்டனில் ஓட்டை விழுந்துவிடலாம். காது உதவாத இடத்தில் கண்தான் உதவ வேண்டும்.

எல்லாரும் முதலில் வாங்குவது பூஸ்ட் கேஜ். முள் ஏறுவதைப் பார்ப்பதில் ஒரு மகிழ்ச்சி இருக்கிறது, அதை மறுக்க மாட்டேன். அதற்கு உண்மையான வேலையும் உண்டு. அளவுக்கு மேல் அழுத்தம் ஏறாமல் வாயுவைத் திருப்பிவிடும் வேஸ்ட்கேட் இறுகிக்கொண்டாலோ, அதற்குப் போகும் ஹோஸ் பிளந்தாலோ, அழுத்தம் கட்டில்லாமல் ஏறும். அதை இந்த முள் காட்டிக்கொடுக்கும். ஆனால் வழக்கமான அளவில் முள் நிற்கும்போதே, பெட்ரோல் போதாமல் இன்ஜின் அழிந்துகொண்டிருக்கலாம். அதைப் பற்றி பூஸ்ட் கேஜ் ஒரு வார்த்தையும் சொல்லாது.

அதைப் பொருத்துவதிலும் ஒரு பொறி இருக்கிறது. அழுத்தம் எடுக்க, இன்ஜின் கம்ப்யூட்டரின் பிரஷர் சென்சாருக்கோ ஃப்யூயல் ரெகுலேட்டருக்கோ போகும் மெல்லிய ஹோஸையே வெட்டி ஒரு டி-இணைப்பு போடுவது சுலபமான வழி. அந்த இணைப்பு கசிந்தால், காற்று குறைவாக வருவதாகக் கம்ப்யூட்டர் நம்பிப் பெட்ரோலைக் குறைக்கும். ரெகுலேட்டர் ஹோஸாக இருந்தால், பூஸ்டோடு சேர்ந்து ஏற வேண்டிய பெட்ரோல் அழுத்தம் ஏறாமல் நிற்கும். 3 பாரில் தொடங்கும் பெட்ரோல் 0.7 பார் பூஸ்டில் 3.7 பாருக்கு ஏறியாக வேண்டும். இல்லையென்றால் இன்ஜெக்டர் போதிய அளவு தெளிக்காது. காவலுக்கு வைத்த கேஜே இன்ஜினைக் கெடுத்த கதையாகிவிடும். இன்லெட் பக்கத்தில் கேஜுக்கென்று தனி முனை ஒன்று வைப்பதே சரி.

பெட்ரோல் போதுகிறதா என்பதை நேரடியாகச் சொல்வது வைட்பேண்ட் லாம்டா சென்சார். புகையில் மிஞ்சியிருக்கும் ஆக்சிஜனை அளந்து, காற்றுக்கும் பெட்ரோலுக்கும் உள்ள விகிதத்தைக் காட்டும். மிச்சமின்றி எரிய ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று வேண்டும். முழு பூஸ்டில் 11.5-லிருந்து 12.5 வரை வைப்பார்கள். கூடுதல் பெட்ரோல் ஆவியாகும்போது சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். முழு பூஸ்டில் 13-ஐத் தாண்டினால் உடனே ஆக்சிலேட்டரை விட வேண்டும். இந்தச் சென்சார் இருக்க வேண்டிய இடம் டர்போவைத் தாண்டிய பிறகு. முன்னால் வைத்தால் சூடும் அழுத்தமும் அளவீட்டைக் குழப்பிச் சென்சாரையும் சீக்கிரம் கொன்றுவிடும். குழாயின் மேல்பாதியில் சாய்த்துப் பொருத்த வேண்டும். கீழே வைத்தால் குளிர்ந்த குழாயில் சேரும் நீர், சூடான பீங்கானில் பட்டு விரிசல் விடும்.

புகையின் வெப்பத்தைக் காட்டும் கேஜை நம்புகிறவர்கள் அதிகம். இரண்டு வேறு உலோகக் கம்பிகளின் முனைகளைச் சேர்த்துச் சூடாக்கினால் சிறு மின்னழுத்தம் பிறக்கும். கே-வகைத் தெர்மோகப்பிளில் 800 டிகிரிக்குச் சுமார் 33 மில்லிவோல்ட். இவ்வளவு சிறிய அளவு என்பதால், நீட்டுவதற்கு வீட்டிலிருக்கும் செம்புக் கம்பியை ஒட்டினால் கணக்கு தவறும், அதற்கென்று உள்ள கம்பிதான் வேண்டும். புகைக்குழாயில் துளை போடும்போது குழாயைக் கழற்றிவிட்டே போட வேண்டும். உள்ளே விழும் ஒரு சிறு இரும்புச் சீவல், பறக்கும் டர்பைன் இதழ்களில் மோதினால் டர்போவே போச்சு. இவ்வளவு பாடுபட்டும், அந்த எண்ணைத் தனியாக நம்ப முடியாது. பெட்ரோல் குறைந்தாலும் சூடு ஏறும், தீப்பொறி தாமதமானாலும் ஏறும். பெட்ரோல் மிகமிகக் குறைந்தாலோ திரும்ப இறங்கும். லாம்டா எண்ணோடு சேர்த்துப் படித்தால்தான் பொருள் தெரியும்.

இரண்டே கேஜ்தான் வைக்க முடியும் என்றால் நான் லாம்டாவையும் ஆயில் பிரஷரையும் தேர்ந்தெடுப்பேன். டர்போவின் தண்டு மெல்லிய ஆயில் படலத்தின் மேல் மிதந்தபடி சுற்றுகிறது. ஆயில் ஒரு கணம் நின்றால் உலோகம் உலோகத்தோடு உரசும். வண்டியில் ஏற்கெனவே இருக்கும் சிவப்பு விளக்கு, அழுத்தம் கிட்டத்தட்ட இல்லாமல் போன பிறகே எரியும். டர்போவுக்கு அது மிகத் தாமதம்.

இங்கே பலரைக் கவிழ்க்கும் ஒரு சிறு விஷயம் உண்டு. ஜப்பானிய பைக்கின் ஆயில் சுவிட்சுத் துளையில் பெரும்பாலும் பிரிட்டிஷ் வகை மரை, அங்குலத்துக்கு 28. அமெரிக்க கேஜின் சென்சாரில் 27. கையால் ஓரிரு சுற்று ஏறும், பிறகு இறுகும். ஸ்பேனர் போட்டு முறுக்கினால் இன்ஜினின் அலுமினிய மரை போய்விடும். சரியான அடாப்டர் கிடைத்தாலும், கனமான பித்தளைச் சென்சாரை இன்ஜினில் நேரடியாகத் தொங்கவிடக் கூடாது. அதிர்வில் கழுத்து முறிந்து, கொதிக்கும் ஆயில் பின்டயரில் பீறிடும். கம்பிவலை போர்த்திய ஹோஸ் வழியாக ஆயிலைக் கொண்டுவந்து, சென்சாரைச் சட்டத்தில் பிடித்து வைப்பதே பாதுகாப்பு.

எண் எவ்வளவு இருக்க வேண்டும் என்று பலர் கேட்பார்கள். பழைய இசட்1 குடும்பத்தின் கிராங்க் ரோலர் பேரிங்கில் ஓடுவதால், சூடான பிறகு அதன் ஆயில் அழுத்தம் மிகக் குறைவாகத்தான் இருக்கும். ஜிபிஇசட்750 போன்ற பிளெய்ன் பேரிங் இன்ஜினில் அதே அளவு தெரிந்தால் வண்டியை ஓரங்கட்ட வேண்டும். அதனால் புது கேஜ் மாட்டியவர் சில வாரம் பூஸ்டுக்குப் போகாமல் ஓட்டி, குளிர்ந்த இன்ஜினில் எவ்வளவு, சூடான ஐடிலிங்கில் எவ்வளவு, 4000 ஆர்பிஎம்மில் எவ்வளவு என்று எழுதி வைத்துக்கொள்வது நல்லது. அடுத்த முறை ஆயில் மாற்றும்போது அந்தத் தாள் பேசும்.

மணிக்கு 100 கிலோமீட்டரில் ஒரு நொடி கண்ணைக் கீழே இறக்கினால் 28 மீட்டர் சாலையைப் பார்க்காமல் கடக்கிறோம். அதனால் பந்தயக்காரர்கள் கேஜையே திருப்பிப் பொருத்துகிறார்கள். வழக்கமான அளவில் எல்லா முள்ளும் நேர்மேலே நிற்கும், ஒன்று சாய்ந்தால் ஓரக்கண்ணிலேயே தெரியும். அதற்கும் மேலாக, ஆயில் அழுத்தத்துக்கும் லாம்டாவுக்கும் எச்சரிக்கை விளக்கு ஒவ்வொன்று, பகல் வெயிலில் தெரியும் அளவுக்குப் பிரகாசமாக, பார்வைக் கோட்டுக்கு அருகே வேண்டும். லாம்டா விளக்கைப் பூஸ்ட் சுவிட்சோடு சேர்த்து ஒயரிங் செய்தால், சாதாரண ஓட்டத்தில் 14.7 காட்டும்போது அது எரிந்து தொல்லை தராது. பூஸ்ட் ஏறிய நிலையில் பெட்ரோல் குறையும்போது மட்டும் எரியும்.