வஞ்சிரம் இல்லைன்னா என்ன, காரப்பொடி இருக்கே! காசிமேட்டில் மீன் வாங்கும்முன் கேட்க வேண்டிய கேள்விகள்

ஏப்ரல் 15 வந்துவிட்டால் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் விசைப்படகுகள் வரிசைகட்டி நின்றுவிடும். ஜூன் 14 வரை மொத்தம் 61 நாள்கள் தடைக்காலம். அந்த நாள்களில் ஞாயிற்றுக்கிழமை காலையில் வீடுகளில் எழும் முதல் கேள்வி, வஞ்சிரம் கிலோ என்ன விலை என்பதுதான். விலையைக் கேட்டதும், 'இந்த வாரம் சிக்கனே வாங்கிடலாம்' என்ற முடிவுக்கு வந்துவிடுகிறோம்.

ஆனால், பெரிய படகுகள் எல்லாம் கரையில் நிற்கும்போதும் சந்தைக்கு மீன் வருகிறதே, அது எங்கிருந்து வருகிறது? இதை நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்?

உள்ளூர் உணவைச் சாப்பிடுங்கள் என்று சொல்லும் ரீல்ஸ்களில் பெரும்பாலும் சிறுதானியமும் மாடித்தோட்டமும்தான் வருகின்றன. ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர்வாசிகளுக்கு உள்ளூர் உணவு என்றால் முதலில் வருவது மீன்தான். வயல் இல்லாத இந்தத் தொழிற்சாலைப் பகுதிக்குக் கடலும் கழிமுகமும்தான் விளைநிலம்.

தடைக்காலத்திலும் நம்ம ஊர் மீன் உண்டு

மீன்கள் இனப்பெருக்கம் செய்ய அவகாசம் தருவதற்காகக் கொண்டுவரப்பட்டதுதான் தடைக்காலம். தமிழ்நாட்டில் 2001 முதல் 45 நாள்களாக இருந்தது, 2017-ல் 61 நாள்களாக நீட்டிக்கப்பட்டது. கடலடியை வாரி இழுக்கும் இழுவை மடிகளைப் பயன்படுத்தும் விசைப்படகுகளுக்குத்தான் இந்தத் தடை. ஃபைபர் படகுகளும் கட்டுமரங்களும் கரையோரத்தில் மீன்பிடிக்கலாம்.

ஆகவே, தடைக்காலத்தில் ஒரே பலகையில் இரண்டு வகை மீன்கள் இருக்கும். ஒன்று, கேரளா, கர்நாடகா பக்கமிருந்து ஐஸ் பெட்டியில் லாரி ஏறி வந்தது. மேற்குக் கடற்கரையில் தடைக்காலம் ஜூன் மாதத்தில்தான் தொடங்கும் என்பதால், ஏப்ரல், மே மாதங்களில் அங்கிருந்து வரத்து இருக்கும். இன்னொன்று, நம் குப்பங்களிலிருந்து விடிவதற்கு முன் கடலுக்குப் போய், காலையிலேயே கரை திரும்பிய சிறு படகு மீன்.

"அக்கா, இது நம்ம ஃபைபர் மீனா, வெளியூர் ஐஸ் மீனா?" என்று கேட்டுப் பாருங்கள். விற்பவர்களுக்கு இது நிச்சயம் தெரியும். சிறு படகு மீனை வாங்கும்போது, மீன் ஓரிரவு பயணம் செய்யாமல் வீட்டுக்கு வருகிறது. நீங்கள் கொடுக்கும் பணமும் பக்கத்துக் குப்பத்துக்கே போகிறது.

நான்கு மீனையே ஏன் சுற்றி வருகிறோம்?

வஞ்சிரம், வவ்வால், சங்கரா, இறால். ஓட்டல் மெனுவிலும் டெலிவரி ஆப்பிலும் இவைதான் திரும்பத் திரும்ப வருகின்றன. கடலிலோ நூற்றுக்கணக்கான வகைகள் உண்டு. எல்லோரும் சிலவற்றை மட்டுமே கேட்டால், அந்த மீன்களைத் தேடியே வலைகள் போகும். விலை ஏறும், மீன் குறையும். வலையில் கூடவே சிக்கும் மற்ற மீன்களுக்கு மதிப்பிருக்காது. விசைப்படகுகளில் இப்படிச் சிக்கும் மீன்களில் ஒரு பகுதி, 'கழிவு மீன்' என்ற பெயரில் கோழித்தீவனத்துக்கும் மீன்தூள் ஆலைகளுக்கும் போய்விடுகிறது.

காரப்பொடி, நெத்திலி, மத்தி, கானாங்கெளுத்தி, நவரை, கிழங்கான் ஆகியவற்றை வடசென்னைப் பாட்டிமார்களிடம் சொல்லிப் பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் குழம்பு வைத்திருப்பார்கள். நெத்திலியும் மத்தியும் சீக்கிரம் வளர்ந்து, சீக்கிரம் பெருகும் மீன்கள். மத்தியில் ஒமேகா-3 கொழுப்பு அதிகம். நெத்திலியை முள்ளோடு சாப்பிடுவதால் கால்சியம் கிடைக்கிறது. சுறா போன்ற பெரிய வேட்டை மீன்களில் பாதரசம் அதிகமாகச் சேரும், சின்ன மீன்களில் அந்தக் கவலை குறைவு. தடைக்காலம் மாங்காய் சீசனோடு சேர்ந்து வருவதால் நெத்திலி மாங்காய்க் குழம்புக்கு இதைவிட நல்ல நேரம் கிடையாது.

எந்த மாதத்தில் எந்த மீனைச் சாப்பிடலாம் என்று வழிகாட்டவும் ஆள்கள் இருக்கிறார்கள். கடல்சார் ஆய்வாளர் திவ்யா கர்நாட் இணைந்து தொடங்கிய 'இன்சீசன் ஃபிஷ்' அமைப்பு, சாப்பிடுபவர்களிடமும் உணவகங்களிடமும் இதைப் பேசிவருகிறது. இவருக்கு 2019-ல் 'ஃபியூச்சர் ஃபார் நேச்சர்' என்ற சர்வதேச விருது கிடைத்தது. மேற்குக் கடற்கரை மீன்களுக்கு 'நோ யுவர் ஃபிஷ்' என்ற முயற்சி மாதவாரியாகப் பட்டியல் தருகிறது.

சின்ன மீன் வேறு, குஞ்சு மீன் வேறு

இதில் ஒரு குழப்பம் வரலாம். நெத்திலி வளர்ந்தாலும் சின்னதுதான். வஞ்சிரம் ஒரு மீட்டருக்கும் மேல் வளரக்கூடியது. அது முழுசாகவே ஒரு சாண் நீளத்தில் பலகையில் கிடந்தால், இன்னும் ஒருமுறைகூட முட்டையிடாத குஞ்சு என்று அர்த்தம். விலை மலிவாக இருக்கிறதே என்று வாங்கினால், அடுத்தடுத்த வருடங்களின் மீனையும் சேர்த்தே வாங்கிவிடுகிறோம்.

கேரளா இதைச் சட்டமாகவே ஆக்கியது. 2015-ல் 14 வகைகளுக்குக் குறைந்தபட்ச அளவை நிர்ணயித்து, பிறகு 58 வகைகளாக விரிவாக்கியது. உதாரணமாக, மத்தி 10 சென்டிமீட்டராவது இருக்க வேண்டும். சட்டம் ஒருபக்கம் இருக்கட்டும். குஞ்சு மீன் வேண்டாம் என்று பத்து வாடிக்கையாளர்கள் சொன்னால், ஏலத்தில் அதன் விலை இறங்கும்.

எண்ணூரில் இந்த அறிவுரை போதுமா?

இதுவரை சொன்னது எல்லாம் நம் கையில் இருப்பவை. எண்ணூர் பக்கம் போனால், சாப்பிடுபவரின் நல்லெண்ணம் மட்டும் போதாது என்பது புரிந்துவிடும்.

கொசஸ்தலை ஆறு கடலோடு கலக்கும் எண்ணூர் கழிமுகம், இறாலுக்கும் நண்டுக்கும் மடவைக்கும் பெயர் பெற்றது. உப்பும் நன்னீரும் கலக்கும் இடம் என்பதால், கடல் மீன்கள் பலவற்றின் குஞ்சுகள் வளரும் தொட்டிலும் இதுதான். காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம், தாழங்குப்பம், நெட்டுக்குப்பம் எனச் சுற்றியுள்ள குப்பங்களின் பிழைப்பு இந்தத் தண்ணீரில் இருக்கிறது. கழுத்தளவுத் தண்ணீரில் இறங்கி, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிக்கும் இருளர் மக்களும் இங்கு உண்டு. படகும் டீசலும் வேண்டாத மீன்பிடிப்பு இது.

அந்தத் தண்ணீருக்கு என்னவெல்லாம் நடந்தது? அனல்மின் நிலையத்தின் சாம்பல் குழாய்கள் கசிந்து கழிமுகத்தில் சாம்பல் படிந்தது. 2017 ஜனவரி 28 அன்று காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது, மணலியிலிருந்து வந்த எண்ணெய் பக்கிங்ஹாம் கால்வாய் வழியாகக் கழிமுகத்தில் பரவியது. சிபிசிஎல் சுத்திகரிப்பு ஆலை வளாகத்திலிருந்து அது வெளியேறியதாக மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் தெரிவித்தது. வலையும் படகும் கறுப்பாகிப்போன மீனவர்களே, வாளியும் மக்கும் எடுத்துக்கொண்டு எண்ணெயை அள்ளினார்கள்.

போதாததற்கு 'காக்கா ஆழி'. மத்திய, தென் அமெரிக்காவைச் சேர்ந்த இந்த மட்டி இனம், கப்பல்கள் வழியாக வந்திருக்கும் என்று கருதப்படுகிறது. ஆற்றின் அடியில் கம்பளம் விரித்ததுபோல் படர்ந்துவிடுகிறது. இறால் புதைந்து வாழும் சேறு மூடிப்போகிறது, கையால் துழாவுபவர்களின் விரல்களைக் கிழிக்கிறது, உள்ளூர் மட்டிக்கும் இடமில்லாமல் போகிறது.

எண்ணெய் படிந்த படங்கள் பரவும்போதெல்லாம், 'வடசென்னை மீனா, வேண்டாம்ப்பா' என்ற பேச்சும் வந்துவிடுகிறது. காசிமேட்டுக்கு வரும் மீனில் பெரும்பகுதி கழிமுகத்தைத் தாண்டி வெகுதூரத்தில், ஆழ்கடலில் பிடிபடுவது. அதையும் சேர்த்து ஒதுக்கினால், தண்ணீரை அழுக்காக்காதவர்களுக்கே நஷ்டம். அதற்காகக் கழிமுகத்து மீனைக் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிடலாம் என்றும் சொல்லிவிட முடியாது. கசிவு நடந்த நாள்களில் அங்கிருந்து வாங்காமல் இருப்பதே பாதுகாப்பு. தண்ணீரும் மீனும் முறையாகப் பரிசோதிக்கப்பட்டு, முடிவுகள் தமிழில், எல்லோருக்கும் தெரியும்படி வெளியாக வேண்டும். இந்தக் கோரிக்கை மீனவர்களுடையது மட்டுமல்ல, குழம்பு வைக்கும் நம்முடையதும்கூட.

அடுத்த ஞாயிறு கையில் பையோடு கிளம்பும்போது

* எந்தப் படகு மீன், எந்த ஊர் மீன் என்று கேளுங்கள்.
* மாதத்தில் ஒருமுறையாவது, இதுவரை வாங்காத மீன் ஒன்றை வாங்குங்கள். சமைக்கும் விதத்தை விற்பவரிடமே கேளுங்கள்.
* பெரிதாக வளரும் மீனின் குஞ்சு என்றால் தவிர்த்துவிடுங்கள்.
* தடைக்காலத்தில் வஞ்சிரத்துக்கு விடுமுறை கொடுங்கள். நெத்திலியும் கருவாடும் இருக்கின்றன.
* ஆப்பில் வாங்கினால், மீன் எங்கே பிடிக்கப்பட்டது என்ற விவரத்தைக் கேட்டுக் கருத்துப் பகுதியில் பதிவிடுங்கள்.
* கால்வாயில் எண்ணெயோ சாம்பலோ கலப்பதைப் பார்த்தால் மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்துக்குப் படத்துடன் புகார் அனுப்புங்கள்.

காசிமேட்டிலிருந்து எண்ணூர் கழிமுகம் பைக்கில் போகும் தூரம்தான். மீன் வாங்கும் நாளில் ஒருமுறை அங்கேயும் போய், குழந்தைகளுக்கு அந்தத் தண்ணீரைக் காட்டிவிட்டு வாருங்கள். தட்டில் இருக்கும் இறால் எங்கே வளர்கிறது என்பது அவர்களுக்கும் தெரிந்திருக்கட்டும்.