விடுதலையோடு தொடங்கும் கெடு

நாகர்கோவிலில் பிறந்த ராக்கெட் விஞ்ஞானி நம்பி நாராயணனைக் கேரள போலீஸ் கைது செய்தது 1994 நவம்பர் 30 அன்று. நாட்டின் ரகசியத்தை விற்றார் என்பது புகார். 50 நாள் காவலில் இருந்தார். குற்றச்சாட்டுக்கு ஆதாரமில்லை என்று 1996-லேயே சிபிஐ சொல்லிவிட்டது. 50 லட்சம் ரூபாய் இழப்பீடு தரும்படி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டதோ 2018-ல். கைதானபோது அவருக்கு 52 வயது. அந்தத் தீர்ப்பு வந்தபோது 76.

பொய்வழக்கிலிருந்து மீண்டவர் போலீஸ் மீது வழக்குப் போடலாமா? போடலாம். ஆனால் சட்டம் அதிக அவகாசம் தருவதில்லை.

சட்டவிரோதக் காவலுக்கு நஷ்டஈடு கேட்கும் சிவில் வழக்கை, காவல் முடிந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் போட வேண்டும். கிரிமினல் வழக்கு முடியும் முன்பே இந்தக் கெடு தாண்டிவிடக்கூடும். பொய்வழக்குத் தொடுத்ததற்கான நஷ்டஈட்டுக்கும் ஓராண்டுதான். அது விடுதலைத் தீர்ப்பிலிருந்து ஓடுகிறது. வேலை போய், வக்கீல் ஃபீஸுக்குக் கடன் வாங்கி, ஊர் முகத்தைப் பார்க்கக் கூசி நிற்கும் ஒருவருக்கு இது கொடுமையான கணக்கு. அரசை எதிர்த்துப் போவதானால், பொதுவாக இரண்டு மாத முன்னறிவிப்பும் கொடுத்தாக வேண்டும்.

விடுதலை ஆனாலே நஷ்டஈடு கிடைத்துவிடாது. நியாயமான காரணமின்றி, வன்மத்தோடு வழக்குத் தொடுத்தார்கள் என்று நிரூபிக்க வேண்டும். ‘சந்தேகத்தின் பலனை அளித்து’ விடுவிக்கப்பட்டவருக்கு இது இன்னும் கடினம்.

இன்னொரு வழி, அடிப்படை உரிமை மீறலுக்காக உயர் நீதிமன்றத்திலோ உச்ச நீதிமன்றத்திலோ நேரடியாகப் போடும் ரிட் மனு. பீகாரில் விடுதலைத் தீர்ப்புக்குப் பிறகும் 14 ஆண்டு சிறையில் கிடந்த ருதுல் ஷாவுக்கு 1983-ல் உச்ச நீதிமன்றம் இழப்பீடு கொடுத்தபோது இந்தக் கதவு திறந்தது. அடிப்படை உரிமை மீறப்பட்டால், அரசு தன் இறையாண்மையைக் கேடயமாகக் காட்ட முடியாது என்று 1993-ல் நீலாபதி பெஹரா வழக்கில் தெளிவானது. ஆயினும் கதவு எல்லோருக்கும் திறப்பதில்லை. அக்‌ஷர்தாம் கோயில் தாக்குதல் வழக்கில் 2014-ல் விடுதலையானவர்கள் கேட்ட இழப்பீட்டை, தவறான முன்னுதாரணமாகிவிடும் என்று 2016-ல் அதே நீதிமன்றம் மறுத்தது. பல ஆண்டு சிறைக்குப் பிறகு வந்த அந்த மறுப்பை நியாயம் என்று ஏற்க மனம் வரவில்லை.

நம்பி நாராயணன் ஒரு கோடி ரூபாய் கேட்டு சிவில் வழக்கும் போட்டிருந்தார். அதில் சமரசமாக 2020-ல் கேரள அரசு 1.3 கோடி ரூபாய் கொடுத்தது.

வழக்குப் போடுவதா வேண்டாமா என்று மனம் ஊசலாடினாலும், எஃப்ஐஆர், ரிமாண்ட் உத்தரவு, தீர்ப்பு நகல், மருத்துவச் சீட்டு, இழந்த சம்பளத்துக்கான சான்று ஆகியவற்றை உடனே சேர்த்துவிட வேண்டும். பணமில்லை என்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், வருமானம் குறைந்தவர்கள் ஆகியோருக்கு அங்கே வக்கீல் இலவசம்.