கோடையில் கிராண்ட் கேன்யன் போகிறவர்களுக்கு

அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகும் பெற்றோர் பலர், பேரக்குழந்தைகளின் பள்ளி விடுமுறையை ஒட்டியே போகிறார்கள். குடும்பத்தோடு காரில் அரிசோனா, யூட்டா பக்கம் கிளம்புவதும் அந்த ஜூன், ஜூலை, ஆகஸ்டில்தான். அந்தப் பாலைவனங்கள் மிக ஆபத்தாக இருக்கும் மாதங்களும் அவைதான்.

“வெயில் நமக்கென்ன புதுசா?” என்ற நினைப்பை ஊரிலேயே விட்டுவிட்டுப் போக வேண்டும். சென்னையில் வியர்வை சட்டையை நனைத்துவிடும்; உடம்பு நீர் இழப்பது தெரியும். அங்கே காற்று வறண்டது. வியர்வை வந்த சுவடே இல்லாமல் காய்ந்துவிடும். சட்டைக் காலரிலும் முதுகிலும் வெள்ளையாக உப்புப் பூத்திருப்பதைப் பார்க்கும்போதுதான் எவ்வளவு போயிருக்கிறது என்று புரியும்.

கிராண்ட் கேன்யனில் கஷ்டம் திரும்பும் வழியில் இருக்கிறது. பள்ளத்தாக்கின் தெற்கு விளிம்பு சுமார் 2,100 மீட்டர் உயரம்; ஜூலை காலையிலும் அங்கே இதமாக இருக்கும். விளிம்பிலிருந்து அடியில் உள்ள ஆற்றை நோக்கிச் செல்லும் பிரைட் ஏஞ்சல் பாதையில் கால் தானாக இறங்கும். இறங்க இறங்கச் சூடு கூடும். கீழே ஆற்றங்கரையில் கோடைப் பகலில் 40 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். இறங்கிய நேரத்தைப் போல இரண்டு மடங்கு ஏறுவதற்கு ஆகும், அதுவும் உச்சி வெயிலில். காலை 10 மணி முதல் மாலை 4 மணி வரை உள்ளே நடக்காதீர்கள் என்று ரேஞ்சர்கள் சொல்வது இதனால்தான். ஒரே நாளில் ஆறு வரை போய்த் திரும்பும் திட்டம் வேண்டவே வேண்டாம்.

தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே இருப்பதும் ஆபத்து. ரத்தத்தில் சோடியம் குறைந்து தலைவலி, குமட்டல், குழப்பம் வரும். கூட இருப்பவர்கள் வெயில் மயக்கம் என்று நினைத்து இன்னும் தண்ணீர் கொடுத்துவிடுவார்கள். உப்புள்ள தீனி கையில் இருக்கட்டும். ரத்த அழுத்தத்துக்கு நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கிளம்பும் முன்பே டாக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அடுத்தது வெள்ளம். ஜூலை நடுவிலிருந்து செப்டம்பர் வரை அங்கே பருவமழை. 1997 ஆகஸ்ட் 12 அன்று, நவாஹோ பழங்குடி மக்களின் நிலத்தில் உள்ள கீழ் ஆன்டிலோப் கேன்யனில் 11 சுற்றுலாப் பயணிகள் இறந்தார்கள். பெருமழை பெய்தது பல மைல் தள்ளி, மேட்டு நிலத்தில். வெறும் பாறை நீரை உறிஞ்சாது. பெய்ததெல்லாம் திரண்டு, தோள் உரசும் அந்தப் பாறை இடுக்குக்குள் பாய்ந்தது. ஏறித் தப்ப இருந்த மர ஏணிகளையும் அடித்துச் சென்றது. 2015 செப்டம்பரில் சயான் பூங்காவின் கீஹோல் கேன்யனிலும் இப்படித்தான் 7 பேர் போனார்கள். தலைக்கு மேல் வானம் நீலமாக இருக்கிறது என்பது எதற்கும் உத்தரவாதம் இல்லை. உங்கள் பாதைக்கு மேட்டில் இடி இடித்தால் இடுக்குக்குள் நுழையாதீர்கள். நல்ல வழிகாட்டி பயணத்தை ரத்து செய்தால் அவரோடு மல்லுக்கு நிற்காதீர்கள்.

யூட்டாவின் ஆர்ச்சஸ் பூங்காவில் பாறை வளைவுகளுக்கு அடியில் நின்று படம் எடுக்க எல்லோருக்கும் ஆசை. 1991இல் லேண்ட்ஸ்கேப் ஆர்ச்சிலிருந்து சுமார் 18 மீட்டர் நீளப் பாளம் பெயர்ந்து விழுந்தது. கீழே இருந்தவர்கள் ஓடித் தப்பினார்கள். அடியில் போகும் பாதையை அதன் பிறகு மூடிவிட்டார்கள். 2008இல் வால் ஆர்ச் ஓர் இரவில் முழுதாகவே இடிந்தது. வேலி போட்ட இடத்தில் வேலிக்கு இப்பாலேயே நில்லுங்கள்.

செல்போன் சிக்னல் பல பாதைகளில் கிடைக்காது. அன்றைய வெள்ள எச்சரிக்கையைக் காலையிலேயே விசிட்டர் சென்டரில் கேட்டுவிட்டு, எந்தப் பாதை, எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்பதை உடன் வராத ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.