ரைடரை ஏலத்துல எடுக்கலாம், பிடியை எடுக்க முடியுமா?

புதுக்கோட்டை மாவட்டத்துல படிக்கிற உங்களுக்கு இந்த போஸ்டரை விளக்க வேண்டியதில்ல. ஆலங்குடி, கீரமங்கலம், அறந்தாங்கி பக்கம் பஸ்ல போனா ஏதாவது ஒரு சுவத்துல ஒட்டியிருக்கும். மாபெரும் மின்னொளி கபடிப் போட்டி, முதல் பரிசு இவ்வளவு, சுழற்கோப்பை, கடைசி வரியில சிறந்த ரைடருக்கும் சிறந்த பிடி வீரருக்கும் தனித்தனிப் பரிசு. நான் பார்த்த போஸ்டர்கள்ல அந்த ரெண்டு பரிசும் ஒரே தொகைதான்.

ப்ரோ கபடி ஏலத்துல அப்படிக் கிடையாது. பாடிப் போறவருக்கு ஒரு விலை, பிடிக்கிறவருக்கு வேற விலை. அது ஏன்னும், அந்த விலை வித்தியாசத்தை வச்சுக்கிட்டு நம்ம தமிழ் தலைவாஸ் ஒவ்வொரு சீசனுக்கும் நடுவுல என்ன முடிவு எடுத்தாங்க, அது எங்க இடிச்சதுன்னும் பார்க்கலாம். தலைவாஸ் தோத்தா கோச்சைத் திட்டுறோம், கேப்டனைத் திட்டுறோம். பாதி ஆட்டம் ஏல மேசையிலயே முடிஞ்சு போகுதுங்கறதை யாரும் பேசுறதில்ல.

முதல்ல பர்ஸ். ஒரு அணி ஒரு சீசனுக்கு வீரர்களுக்காகச் செலவழிக்கக்கூடிய உச்சவரம்பு அது. ஐ.பி.எல்.-ல 2025 ஏலத்துக்கு ஒரு அணிக்கு 120 கோடி. கபடியில ஒன்பதாவது சீசன் வரைக்கும் 4.4 கோடி, பத்தாவதுல இருந்து 5 கோடி. அதுக்குள்ள குறைந்தது 18 பேர், அதிகபட்சம் 25 பேர். போன வருஷத்து ஆட்களைத் தக்கவச்சா அவங்க சம்பளமும் இதே பர்ஸ்லதான் கழியும். ஏலத்துக்கு விட்ட வீரரை வேற அணி கடைசி விலை சொல்லி எடுத்தா, அதே விலையைக் கொடுத்து பழைய அணி திருப்பி இழுத்துக்கலாம். ஐ.பி.எல்.-ல ஆர்.டி.எம். கார்டுன்னு சொல்றதுதான் இங்க ஃபைனல் பிட் மேட்ச். இது போக, புது இளம் வீரர்கள்னு ஒரு வகை இருக்கு. அவங்க ஏலத்துக்கே வர்றதில்ல, நிர்ணயிச்ச சம்பளத்துல நேரா அணிக்குள்ள வருவாங்க. இந்த வகையை ஞாபகம் வச்சுக்கோங்க, தலைவாஸோட கதையே அதுலதான் இருக்கு.

இந்த உச்சவரம்பு அமெரிக்கன் ஃபுட்பால்ல 1994-ல இருந்தே இருக்கு. 2025-ல ஒரு அணிக்கு 27.92 கோடி டாலர். அங்கயும் எதிரணி பந்தை நகர்த்த விடாம முன்வரிசையில நிக்கிற தடுப்பாட்டக்காரங்களுக்கு எவ்வளவு ஒதுக்குறதுங்கறதுதான் ஒவ்வொரு ஆஃப் சீசனோட தலைவலி. ஆனா அவங்களுக்கு ஒரு வசதி உண்டு. கையெழுத்து போனஸை அஞ்சு வருஷத்துக்குப் பிரிச்சு கணக்கு எழுதலாம், இந்த வருஷச் சுமையை அடுத்த வருஷத்துக்குத் தள்ளலாம். நம்ம கபடியில அந்த இ.எம்.ஐ. விளையாட்டு இல்ல. இந்த வருஷம் ஒருத்தருக்கு ரெண்டு கோடி கொடுத்தா, அந்த ரெண்டு கோடி இந்த வருஷமே போச்சு.

சரி, அந்த ரெண்டு கோடி யாருக்குப் போகுது? ஒவ்வொரு ஏலத்துலயும் அதிக விலைக்குப் போனவர் யார்னு பாருங்க. 2017-ல நிதின் தோமர், 93 லட்சம். 2018-ல மோனு கோயத், 1.51 கோடி. 2019-ல சித்தார்த் தேசாய், 1.45 கோடி. 2021-ல பர்தீப் நர்வால், 1.65 கோடி. அப்புறம் ரெண்டு தடவை தொடர்ந்து பவன் செராவத். 2024-ல சச்சின் தன்வர். எல்லாருமே ரைடர். 2018-ல ஈரானோட ஃபசல் அத்ராச்சலி ஒரு கோடிக்குப் போனார், அவர் சுத்தமான டிஃபென்டர். ஆனா அன்னிக்கே மோனு கோயத் அவரைத் தாண்டிட்டார்.

காரணம் ரொம்ப சிம்பிள். ரைடு தனி ஆள் வேலை. முப்பது செகண்ட், ஒரு ஆள், எத்தனை பேரைத் தொட்டார்னு எண்ணிடலாம். டிவியில ஹைலைட்டும் அதுதான். அந்த ஆளைத் தூக்கி வேற அணியில போட்டாலும் கிட்டத்தட்ட அதே வேலையைச் செய்வார். அதனால விலை வைக்கிறது ஈசி.

பிடி அப்படி இல்ல. இங்கதான் கொஞ்சம் நிதானமா பார்க்கணும்.

ஏழு பேர் நிக்கிறாங்க. ரெண்டு ஓரத்துலயும் கார்னர், அவங்களுக்கு உள்பக்கமா ரெண்டு கவர். ஸ்கோர் ஷீட்ல பிடிப் புள்ளி பெரும்பாலும் கார்னர் பேர்லதான் விழும். ரைடர் போனஸ் கோட்டை நோக்கிக் காலை நீட்டும்போது, கார்னர் கணுக்காலைப் பிடிக்கிறார். அந்தப் பிடி மட்டும் போதாது. நல்ல ரைடர் அந்தக் கையை இழுத்துக்கிட்டே நடுக்கோட்டுக்கு வந்துடுவார். பிடி விழுந்த அடுத்த நொடியில கவர் வந்து டேஷ் அடிக்கணும், இல்ல தொடையைக் கட்டணும். அந்தப் பக்கத்துக் கவர் வெளியேறும் வழியை அடைக்கணும். கார்னர் போறார்னு தெரிஞ்ச பிறகு கவர் கிளம்பினா லேட். போவார்னு முன்கூட்டியே தெரிஞ்சிருக்கணும்.

தப்பா கணிச்சா தண்டனையும் பெருசு. கார்னர் மட்டும் அவசரப்பட்டு விழுந்தா ஒரு புள்ளி போகும். கூடவே கவரும் அரைகுறையா கை வச்சிருந்தா ரெண்டு, மூணு. ஆறு பேரோ அதுக்கு மேலயோ நின்னா போனஸும் சேரும். அப்படியே ஆள் குறைஞ்சு ஆல் அவுட் வரைக்கும் போகலாம். அதனால சரியாப் பிடிக்கிறதைவிட, இப்ப பிடிக்க வேண்டாம்னு நாலு பேரும் ஒரே நேரத்துல முடிவு பண்றதுதான் கஷ்டமான வேலை. தொடர்ந்து ரெண்டு ரைடு சும்மா திரும்பினா மூணாவது ரைடு செய் அல்லது செத்து மடி. பொறுமையான டிஃபென்ஸ் எதிரணி ரைடரை அந்த மூணாவது ரைடுக்குத் தள்ளிக்கிட்டே இருக்கும். இந்தப் பொறுமைக்கு ஸ்கோர் ஷீட்ல ஒரு காலம்கூட கிடையாது.

கம்ப்யூட்டர் சயின்ஸ் மக்களே, நாப்சாக் ப்ராப்ளம் ஞாபகம் இருக்கா? பைக்குள்ள போடுற ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு எடை, ஒரு மதிப்பு. மதிப்பைக் கூட்டிக்கிட்டே போகலாம். ரைடர்களுக்கு இந்தக் கணக்கு ஓரளவு பொருந்தும். டிஃபென்ஸுக்குப் பொருந்தாது, ஏன்னா இந்தக் கார்னரோட மதிப்பு, பக்கத்துல எந்தக் கவர் நிக்கிறார்ங்கறதைப் பொறுத்து மாறும். ஏலமோ ஒவ்வொருத்தரா மேடையில காட்டி விக்குது. ஜோடியா விலை கேட்க முடியாது.

நம்ம ஊர் டீம்களுக்கு இது எப்பவோ தெரியும். பெரிய போட்டிக்கு வெளியூர் ரைடரைக் காசு கொடுத்துக் கூட்டிட்டு வருவாங்க. முந்தின நாள் வந்து இறங்கி, மறுநாள் பாடிட்டுப் போயிடுவார். பிடிக்கிற நாலு பேர் மட்டும் பெரும்பாலும் ஊர்ப் பசங்கதான், தினமும் சாயங்காலம் ஒண்ணா மண்ணுல உருள்றவங்க.

இப்ப தலைவாஸுக்கு வருவோம். 2017-ல லீக்குக்குள்ள வந்தாங்க. 2019 அணியைப் பேப்பர்ல பார்த்தா கண்ணு கூசும். அஜய் தாக்கூர், 94 லட்சத்துக்கு ராகுல் சவுத்ரி, டிஃபென்ஸ்ல மஞ்சீத் சில்லர், மோஹித் சில்லர். பன்னிரண்டு அணியில பன்னிரண்டாவது இடம். பேரைப் பார்த்து வாங்கினா என்ன ஆகும்ங்கறதுக்கு இதைவிடச் சுத்தமான உதாரணம் வேணாம்.

2021-ல அணியைக் கலைச்சுப் புதுசா கட்டினாங்க. எட்டாவது சீசன்லயும் பதினொண்ணாவது இடம்தான், ஆனா உள்ள ஒரு விஷயம் நடந்துச்சு. ரைட் கார்னர் சாகர் ராத்தி 82 பிடிப் புள்ளி எடுத்தார். அந்த சீசன்ல அவருக்கு மேல இருந்தது முகமதுரேசா ஷாத்லூயி மட்டும்தான், 89. லெஃப்ட் கார்னர்ல சாஹில் குலியா, கவர்ல நம்ம தமிழ்நாட்டுப் பையன் அபிஷேக், கூட மோஹித், ஹிமான்ஷு. இவங்கள்ல பெரிய விலைக்காரங்க யாரும் இல்ல.

அதுக்கப்புறம் வந்த 2022 ஆஃப் சீசன்தான், என் கணக்குல, தலைவாஸ் எடுத்ததுலயே சிறந்த முடிவு. பெரிய பேர்களை விட்டுட்டு இந்த இளம் டிஃபென்ஸைத் தக்கவச்சாங்க. அது சல்லிசா முடிஞ்சதால, ஏலத்துல பவன் செராவத்துக்கு 2.265 கோடி கொட்ட முடிஞ்சது. மொத்த பர்ஸ் 4.4 கோடி. அதாவது பாதிக்கு மேல ஒரே ஆளுக்கு. மீதி 2.135 கோடியை இன்னும் 17 பேருக்குப் பிரிச்சுப் பாருங்க, தலைக்குச் சராசரி பன்னிரண்டரை லட்சம்தான் வரும்.

முதல் ஆட்டம், குஜராத் ஜயன்ட்ஸோட. சந்திரன் ரஞ்சித்தைப் பிடிக்கப் போய் பவன் முட்டியில அடிபட்டு விழுந்தார். சீசனே முடிஞ்சது. 2.265 கோடி, சில நிமிஷம். அன்னிக்கு எங்க ஹாஸ்டல் டிவி ரூம்ல பாதிப் பேர் எழுந்து போயிட்டாங்க.

அந்த வருஷம்தான் தலைவாஸ் முதல் தடவையா அரையிறுதிக்குப் போனாங்க. பாதியில பயிற்சியாளரா அஷன் குமார் வந்தார். புது இளம் வீரர் வகையில உள்ள வந்த நரேந்தர் 240-க்கு மேல ரைடு புள்ளி எடுத்தார், அஜிங்க்யா பவார் கைகொடுத்தார். எலிமினேட்டர்ல யு.பி. யோதாஸைச் சமனுக்குக் கொண்டுபோய் டை பிரேக்கர்ல முடிச்சாங்க. அரையிறுதியில புனேரி பல்தானிடம் 37-39. ரெண்டே புள்ளி. பவன் இருந்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு இன்னிக்கும் சண்டை போடலாம். ஆனா பாதி பர்ஸ் காணாமப் போயும் அணி நின்னதுக்கு, சேர்ந்து ரெண்டாவது வருஷம் ஆடின அந்தப் பின்வரிசை ஒரு முக்கியக் காரணம்.

அப்ப டிஃபென்ஸைத் தக்கவச்சா போதுமா? அப்படி முடிச்சா கட்டுரை அழகா இருக்கும், ஆனா உண்மையா இருக்காது. பத்தாவது சீசனுக்கு அதே செட்டை அப்படியே வச்சுக்கிட்டாங்க, ஏலத்துல பெரிய கை எதுவும் வைக்கல. பவன் 2.605 கோடிக்குத் தெலுங்கு டைட்டன்ஸ் போனார். தலைவாஸ் ஒன்பதாவது. முந்தின வருஷம் நரேந்தரை யாருக்கும் தெரியாது, இப்ப எல்லா அணியும் வீடியோ போட்டுப் பார்த்துட்டு வந்துச்சு. பிடிச்சுக் கொடுத்தா மட்டும் போதாது, பிடிச்ச பிறகு போய்ப் புள்ளி எடுக்க ஒரு ரெண்டாவது ரைடர் வேணும்.

பதினொண்ணாவது சீசன்ல எதிர்ப்பக்கம் சாய்ஞ்சாங்க. சச்சின் தன்வருக்கு 2.15 கோடி, அஞ்சு கோடியில 43 சதவீதம். பக்கத்துத் தஞ்சாவூர் மாவட்டத்துக்காரர், 40 வயசைத் தாண்டியும் கார்னர்ல நின்ன தர்மராஜ் சேரலாதன் பயிற்சிக் குழுவுக்கு வந்தார். டிஃபென்ஸ்ல நிதேஷ் குமார் இருந்தார். தனிப்பட்ட முறையில நிதேஷ் அருமையா ஆடினார். அணி மறுபடி ஒன்பதாவது. 2025-ல அர்ஜுன் தேஷ்வாலுக்கு 1.405 கோடி, பவனுக்கு 59.5 லட்சம், ரெண்டையும் கூட்டுங்க, கச்சிதமா ரெண்டு கோடி. பாதி சீசன்ல பவன் அணியில இல்ல. முதல் எட்டு இடத்துக்குள்ளயே வரல.

எதிர் உதாரணத்துக்கு ஷாத்லூயியோட பாதையைப் பாருங்க. பத்தாவது சீசன்ல 2.35 கோடிக்குப் புனேரி பல்தான் எடுத்தாங்க, கோப்பை. பதினொண்ணுல 2.07 கோடிக்கு ஹரியானா ஸ்டீலர்ஸ், கோப்பை. பன்னிரண்டுல 2.23 கோடிக்குக் குஜராத், ப்ளே ஆஃப் பக்கமே போகல. அதே ஆள்தான். புனேல அவர் வரும்போது அஸ்லம் இனாம்தாரோட வளர்ந்த இளம் செட் ஒண்ணு ரெடியா இருந்துச்சு, கவர்ல நம்ம அபினேஷ் நடராஜன் நின்னார். ஹரியானாவுல ஜெய்தீப் தஹியாவும் ராகுல் சேத்பாலும் ஏற்கெனவே ஒண்ணா ஆடிக்கிட்டிருந்தாங்க. காலியா இருந்த ஒரு இடத்துல ஷாத்லூயியைச் சொருகினாங்க, பொருந்திடுச்சு. என் கருத்துல தலைவாஸ் இதைத்தான் 2022-ல பாதி செஞ்சாங்க, அப்புறம் விட்டுட்டாங்க. கார்னர் பேரு வெளிய தெரியும், அதனால அவரைத் தக்கவைக்கிறாங்க. கவர்ல ஆள் மாறினா யாரும் கேட்கிறதில்ல.

எங்க டிபார்ட்மென்ட் டீம்ல ஒரு லெஃப்ட் கார்னர் இருக்கான். நல்ல கணுக்கால் பிடி. ரைடரா மாறினாத்தான் மேல போக முடியும்னு யாரோ சொல்லி, இப்ப ப்ளேஸ்மென்ட் டென்ஷனுக்கு நடுவுல தினமும் ரைடு ப்ராக்டீஸ் பண்றான். அவன் கேட்டதாலதான் இவ்வளவையும் உட்கார்ந்து தேடினேன். ஏல விலையை மட்டும் பார்த்தா அவன் முடிவு சரி. ஆனா சாகர், அபினேஷ் மாதிரிப் பசங்க உள்ள நுழைஞ்சது கோடி ரூபாய் ஏலத்து வழியா இல்ல, இளம் வீரர் வாசல் வழியா. அந்த வாசல்ல நிக்கும்போது, பர்ஸை ரைடருக்குக் கரைச்ச அணிக்குத்தான் சம்பளம் குறைவான நல்ல கார்னர் அவசரமா தேவைப்படுது. இதை அவன்கிட்ட சொன்னேன். "அப்ப கவருக்கு?"ன்னு கேட்டான். அவன் பக்கத்துல நிக்கிற கவர், அவனோட ரூம்மேட்.

அடுத்த ஏலத்துக்கு முன்னாடி தக்கவைப்புப் பட்டியல் வரும். கேப்டன் யாரு, கோடி யாருக்குன்னு எல்லாரும் மேல இருந்து படிப்பாங்க. நீங்க கீழ இருந்து படிங்க. ரெண்டு கவர் பேரும் போன வருஷத்துப் பேராவே இருக்கான்னு மட்டும் பாருங்க.